குண்டூசி குத்தாத ஊர்கள்

ஒரு மருத்துவக் கட்டுரை எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது, அதனால் யாருக்கு என்ன நன்மை என்று கணக்கெடுக்கும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மேலிடத்தில் கேட்டார்கள். உற்சாகமூட்டும்படி எழுதுங்கள் என்றும் சொன்னார்கள். அது என்னால் ஆகாத காரியம். நான் களைத்துப் போனவள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உற்சாகம் வந்தால் அது உங்கள் கெட்டித்தனம்.

எங்கள் காலத்தில் இந்த வேலைக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நூலகப் பொறுப்பாளராக இருந்தேன். ஐம்பதுகளின் கடைசியில் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரியை நான் விலகிய பிறகு மூடிவிட்டார்கள், ஆகவே பெயர் வேண்டாம். நூலகம் என்றால் இரண்டு அலுமாரி, ஒரு நீள மேசை, ஒரு தட்டச்சு யந்திரம். தூசி தட்டுவது, கடிதம் அடிப்பது, டொக்டர்மார் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்த சஞ்சிகைகளைத் தேடுவது எல்லாம் என் வேலை. கட்டுரைகளின் பயணத்தைக் கணக்கெடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. பெரிய டொக்டரின் ஆசையால் அது என் தலையில் வந்து விழுந்தது.

பெரிய டொக்டர் என்று நாங்கள் சொன்னது பிள்ளைகள் வார்ட்டுக்குப் பொறுப்பானவரை. கெட்டிக்காரர். ஊசியைக் கண்டு அழும் பிள்ளை அவருடைய சட்டைப் பையில் இருக்கும் தோடம்பழ இனிப்பைத் தேடி எடுத்து முடிப்பதற்குள் ஊசி ஏறி இறங்கிவிடும். அவரிடம் ஒரேயொரு பலவீனம் இருந்தது. தன்னைப் பற்றி வெளியில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அறுபதுகளின் நடுவில் அவர் பிள்ளைகளின் வயிற்றுப்பூச்சி வைத்தியம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். டொக்டர்மார் சங்கம் ஒன்று காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்ட சிறிய சஞ்சிகையில் அது வந்தது. அந்தக் காலத்தில் கட்டுரையை மட்டும் தனியாக அச்சடித்து, எழுதியவருக்குக் கொஞ்சப் பிரதிகள் கொடுப்பார்கள். எங்கோ ஒரு நாட்டில் யாராவது மருத்துவக் கட்டுரைகளின் பட்டியலில் தலைப்பைக் கண்டு, சஞ்சிகை கிடைக்காவிட்டால், ஒரு தபால் அட்டை போட்டு அந்தத் தனிப்பிரதியைக் கேட்பார்கள். ஒரு கட்டுரையை உலகம் கண்டுகொண்டதா இல்லையா என்று அறிய எங்களிடம் இருந்த அளவுகோல் அந்த அட்டைதான்.

இந்தக் கட்டுரைக்கு அட்டைகள் வந்தன. நாங்கள் யாரும் எதிர்பாராத அளவுக்கு வந்தன. பெரிய டொக்டர் காலையில் வார்ட்டுக்குப் போகமுன் என் மேசைக்கு வந்துவிடுவார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு ஏதும் வந்ததோ?"

"ஓம் டொக்டர், ரண்டு. ஒண்டு பிரேசில், மற்றது வாசிக்கேலாமல் கிடக்கு."

"முத்திரையைப் பார்த்தால் தெரியுமே."

"முத்திரையைப் பியோன் உரிச்சுப்போட்டார், டொக்டர். மகனுக்குச் சேர்க்கிறாராம்."

ஒருநாள் அவர் ஒரு பெரிய உலகப்படத்தையும் ஒரு பெட்டி குண்டூசியையும் வாங்கி வந்தார். அட்டை வந்த ஊரிலெல்லாம் ஊசி குத்த வேண்டும் என்பது உத்தரவு. கொழும்பில் ஒரு பெரிய பதவிக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். நேர்முகத்துக்குப் போகும்போது, இன்னின்ன நாடுகளில் என் கட்டுரையை வாசிக்கிறார்கள் என்று சொல்ல அவருக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. நானும் குத்தினேன். ஐரோப்பாவில் இடம் போதாமல் ஊசிகள் ஒன்றோடொன்று முட்டின. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு ஊசிகூட இல்லை. பக்கத்தில் இருப்பவன் எதற்கு அட்டை போடப் போகிறான்? அது அன்று என் மூளையில் தட்டுப்படவில்லை, அவருக்கும் தட்டுப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வந்த அட்டை மற்ற அட்டைகளைப் போல் இருக்கவில்லை. ஐரோப்பாவில் இருந்து ஒரு டொக்டர், மணிமணியான எழுத்தில், மிகுந்த பணிவோடு எழுதியிருந்தார். கட்டுரையைச் சஞ்சிகையில் வாசித்ததாகவும், மருந்தளவு அட்டவணையில் ஒரு பக்கம் ஒரு வரி மேலே ஏறிவிட்டதுபோல் தோன்றுவதாகவும், தான் பிழையாக விளங்கியிருந்தால் மன்னிக்கும்படியும் கேட்டிருந்தார்.

சஞ்சிகையை எடுத்துப் பார்த்தேன். அட்டவணையில் இடப்பக்கம் வயது, வலப்பக்கம் மருந்தின் அளவு. அச்சுக் கோக்கும்போது முதல் அளவு விடுபட்டு, மற்ற அளவுகள் எல்லாம் ஒரு வரி மேலே நகர்ந்திருந்தன. கைக்குழந்தைக்கு நேரே பள்ளிக்கூடப் பிள்ளையின் அளவு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நேரே பெரியவர்களின் அளவு. பெரியவர்களுக்கு நேரே வெறும் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தவுடனேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அச்சகத்திலிருந்து திருத்தப் பார்க்க வந்த தாளைப் பெரிய டொக்டர் மூன்று நாள் வைத்திருந்து ஆங்கிலத்தைத் திருத்தியவர். அட்டவணைக்கு ஆங்கிலம் இல்லையே.

அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். முகம் கறுத்துப் போயிற்று.

"அடுத்த இதழிலை ஒரு திருத்தம் போடுவம்" என்றார்.

"அடுத்த இதழ் வர ரண்டு மாசத்துக்கு மேலை செல்லும் டொக்டர்."

"அதுக்கென்ன? ஐரோப்பாவிலை அவை யோசிச்சுத்தான் குடுப்பினம்."

"ஐரோப்பாவை விடுங்கோ டொக்டர். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டாச்சு."

அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட விடுமுறை விட்டால் முதல் வேலை பிள்ளைகளுக்குப் பேதி கொடுப்பது. பிள்ளை எங்கே ஓடி ஒளிந்தாலும் இழுத்து வந்து மூக்கைப் பிடித்துப் பருக்குவார்கள். பெரியதுகளுக்குக் கொடுக்கும்போது கைக்குழந்தைக்கும் சேர்த்தே முடித்துவிடுவார்கள். முன்பெல்லாம் ஆமணக்கெண்ணெய். அது கூடிப்போனால் வயிறு கழுவுப்பட்டுப் பிள்ளை சோரும், அவ்வளவுதான். இப்போது வந்திருந்த புது மருந்து கூடிப்போனால் நரம்பைப் பிடிக்கும். அந்த மருந்தைத்தான் பெரிய டொக்டரின் கட்டுரை சிபாரிசு செய்தது.

அவர் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார், "இன்ரவியூவுக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு, பிள்ளை."

அவருக்காக நான் இரங்கினேன் என்பதை ஒளிக்கவில்லை. இருபது வருட உழைப்பு அது. ஆனால் எனக்குக் கோபமும் வந்தது. "தந்தி அடிப்பமோ?" என்று கேட்டேன்.

"தந்தி அடிச்சால் பின்னேரத்துக்குள்ளை தபால்கந்தோர் முழுக்கக் கதைக்கும். அதுவும் ஆருக்கு அடிக்கிறது? இஞ்சை ஆர் வாசிச்சவை எண்டு உமக்குத் தெரியுமோ?"

தெரியாது. பிரேசிலில் யார் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியும். பட்டினத்திலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய ஊர்களில் யார் வாசித்தார்கள் என்று தெரியாது. சஞ்சிகை சங்கத்து அங்கத்தவர் எல்லோருக்கும் போகும். அவர்களில் யார் உறையைப் பிரித்தார்கள், யார் பக்கத்தைப் புரட்டினார்கள், யார் அதைப் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள் என்று எந்த அட்டையும் சொல்லாது.

என் மேசையில் வந்து இருந்து யோசித்தேன். வாசித்தவரைத் தேடுவதை விட்டுவிட்டு மருந்தைத் தேடினால் என்ன என்று பட்டது. அந்தப் புது மருந்தைக் குடாநாட்டுக்கு இறக்கிக் கொடுத்தது பெரியகடைப் பகுதியில் இருந்த ஒரேயொரு மருந்துக்கடை. குடையை எடுத்துக்கொண்டு அங்கே நடந்தேன். முதலாளிக்கு என்னைத் தெரியும்.

"அண்ணை, உந்தப் பூச்சி மருந்தை முந்தி எடுக்காமல் இப்ப புதுசா எடுக்கிறவை ஆர்?"

அவர் மேலே பார்த்து யோசித்தார். "ஆஸ்பத்திரியள் முந்தியே எடுக்கிறவை. புதுசா எண்டால் புத்தூர் டொக்டர். பேந்து வல்வெட்டித்துறையிலை டிஸ்பென்சரி வைச்சிருக்கிற அப்போதிக்கரி. அவர் போன கிழமைதான் கூடக் கொண்டுபோனவர். ஏன் பிள்ளை, மருந்திலை ஏதும் பிழையோ?"

"மருந்திலை பிழையில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பெரிய டொக்டர் நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தார். இரண்டு ஊரையும் சொன்னேன். "நான் பருத்தித்துறை பஸ்ஸிலை புத்தூருக்குப் போய், பேந்து வல்வெட்டித்துறைக்கும் போறன், டொக்டர். நீங்கள் சரியான அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கோ" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். பிறகு எழுந்து கார்த் திறப்பை எடுத்தார். "வாரும்" என்றார்.

புத்தூர் டொக்டர் வயதில் இளையவர், பெரிய டொக்டரிடம் படித்தவர். எங்களைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி நின்றவர் கடைசிவரை இருக்கவில்லை. அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே, பிள்ளையார் படத்துக்கும் கலண்டருக்கும் நடுவில், அந்த அட்டவணைப் பக்கம் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. பெரிய டொக்டர் அதைக் கண்டார். விரலை அதன்மேல் வைத்தார்.

"இதிலை பிழை கிடக்கு. தெரியுமோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஓம் சேர். அண்டைக்கே கண்டனான். நான் குறைச்சுத்தான் குடுக்கிறன்."

"கண்டனீரோ? அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எழுதினதிலை நான் எப்பிடிச் சேர் பிழை எண்டு சொல்லுறது?"

அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. முகம் தெரியாத ஒரு மனிதன் கடல் கடந்து அட்டை போட்டு, பிழை என்று சொல்லிவிட்டான். கூப்பிடு தூரத்தில் இருந்தவர், மாதக்கணக்காகத் தெரிந்தும், மரியாதைக் குறைவு என்று பொத்திவைத்திருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டோம். அந்தப் பக்கத்தைக் கண்ணாடிக்குக் கீழே இருந்து எடுத்தாரா என்றால், அதுவும் இல்லை. வெட்டி வைத்ததே மதிப்புக்காகத்தான்.

வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சேர வெயில் சாய்ந்துவிட்டது. அப்போதிக்கரியின் டிஸ்பென்சரி கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. வாசல் வாங்கில் தாய்மார் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போதிக்கரி டொக்டர் பட்டம் இல்லாமல் மருந்து கொடுக்கும் வைத்தியர், நல்ல மனிதர், ஊரே அவரை நம்பியிருந்தது. பெரிய டொக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையில் இருந்த போத்தலைக் கீழே வைத்தார்.

"ஐயா, நான் அதைப் பார்த்துத்தான் குடுக்கிறன். பெரிய டொக்டர் எழுதினது எண்டு நம்பித்தான்."

"கைக்குழந்தையளுக்கு ஆருக்கும் குடுத்தனீரோ?"

அவர் பதில் சொல்லமுன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு வயதை எட்டிய பெண்குழந்தை. குழந்தையின் தலை தாயின் தோளில் நில்லாமல் சரிந்து சரிந்து விழுந்தது.

"ஐயா, நேற்று நீங்கள் தந்த மருந்து குடுத்தனான். இண்டைக்கும் குடுத்தனான். விடியத்தொட்டுச் சத்தி, குடிச்ச பாலையும் கக்குறாள். காலை ஊண்டுறாள் இல்லை. போன கிழமை நடக்கத் தொடங்கின பிள்ளை, வெறிகாரர் மாதிரித் தள்ளாடி விழுறாள்."

பெரிய டொக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டார். மருந்து கொண்டுபோன மற்ற வீடுகளுக்கெல்லாம் உடனே ஆளனுப்பும்படி அப்போதிக்கரியிடம் சொன்னார். அவளையும் காரில் ஏற்றினோம். புருஷன் கடலுக்குப் போயிருந்தான், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு உடுத்த சீலையோடு வந்தாள். பின் ஆசனத்தில் நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தச் சின்னக் கால் அடிக்கடி வெட்டி வெட்டி இழுத்தது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நூலகத்தில் வேலை செய்கிறவள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? நானும் ஏதோ தெரிந்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

குழந்தை பிழைத்தது. இதை முன்னமே சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த இரண்டு நாளும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய டொக்டர் வார்ட்டை விட்டு அசையவில்லை. நர்ஸ்மார் வற்புறுத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அதன் கையில் தோடம்பழ இனிப்பு இருந்தது.

அன்று அந்தப் பெண் பெரிய டொக்டரின் காலில் விழப் போனாள். "உங்களாலைதான் ஐயா என்ரை பிள்ளை எனக்குக் கிடைச்சது" என்றாள். அவர் பின்னால் விலகினார். நான் ஒரு கையெழுத்துக்காகப் போய் நின்றவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"விழாதையுங்கோ" என்றார். "அப்போதிக்கரி பார்த்துக் குடுத்த கணக்கை எழுதினது நான். அது பிழையா அச்சடிபட்டுப் போச்சு. நான் கவனிக்கேல்லை. உங்கடை பிள்ளைக்கு வந்தது என்னாலை."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அதை எங்கடை அப்போதிக்கரி மட்டுமோ படிச்சவர்?"

"இல்லை. கனபேர் படிச்சவை. வெளிநாட்டிலையும்."

"அவையளுக்கெல்லாம் சொல்லியாச்சோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஏன் ஐயா இஞ்சை நிக்கிறியள்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று வீட்டில் கேட்பார்களே, அப்படிக் கேட்டாள். நாங்கள் இருவரும் நூலகத்துக்கு வந்தோம். அவர் வாசகத்தைச் சொல்ல நான் அடித்தேன். "என் கவனக்குறைவினால்" என்று தொடங்கினார். "அச்சுப் பிழையினால் எண்டு போடுவமோ டொக்டர்?" என்று கேட்டேன். "நான் சொன்னதை அடியும்" என்றார். றோனியோ என்ற நகல் யந்திரத்தைச் சுற்றிச் சுற்றிக் கை வலித்தது. அந்தத் திருத்தம் சஞ்சிகையின் அடுத்த இதழுக்குப் போனது, குடாநாட்டில் இருந்த டிஸ்பென்சரிகள் எல்லாவற்றுக்கும் போனது. அட்டை போட்டவர் எல்லோருக்கும் போனது. வரைபடத்தில் ஊசி இருந்த ஒவ்வொரு ஊருக்கும் உறை எழுதினேன். முத்திரை உரித்த அட்டைகளை வைத்துக்கொண்டு, எந்த நாடு என்று கண்டுபிடிக்கப் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். பியோன் மகனின் முத்திரைச் சேகரிப்பையே கொண்டுவந்து மேசையில் வைத்தார், பாவம்.

நேர்முகத்துக்குப் பெரிய டொக்டர் வரைபடத்தைக் கொண்டுபோகவில்லை. திருத்தத்தைக் கட்டுரையோடு சேர்த்துக் குத்திக்கொண்டு போனார். பதவி வேறொருவருக்குக் கிடைத்தது. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. வந்து, "அவை திருத்தத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கேல்லை, பிள்ளை. எத்தினை நாட்டிலையிருந்து கேட்டவை எண்டுதான் கேட்டினம்" என்றார். அதற்குப் பிறகு அவர் கட்டுரை எழுதவில்லை. அட்டை வந்ததா என்று கேட்கவும் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனபோது, எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்று சொல்லும் அந்தத் தடித்த வெளிநாட்டுத் தொகுதிகளைக் கண்டேன். நீங்கள் தினமும் புரட்டுகிறவைதான். எறும்பு எழுத்து. பெரிய டொக்டரின் பெயரைத் தேடினேன். கட்டுரைக்குக் கீழே நிறைய மேற்கோள்கள் இருந்தன. திருத்தத்தை மேற்கோள் காட்டியதாக ஒன்றுகூட இல்லை. மேற்கோள் காட்டியவற்றில் ஒன்றைத் தேடி எடுத்தேன். அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள், ஒரு வரி மேலே ஏறியபடி. கடைசியில் அந்த வெறும் கோடும் இருந்தது. அந்த ஆசிரியருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து பெரிய டொக்டரிடம் சொல்லவில்லை. அப்போது அவர் படுக்கையில் இருந்தார். சொல்லி என்ன ஆகப் போகிறது?

உங்களிடம் மேலிடத்தில் எண் கேட்பார்கள். கொடுங்கள், சம்பளம் அதற்குத்தான் தருகிறார்கள். ஆனால் கேட்டவர்களை எண்ணிவிட்டு, வாசித்தவர்களை எண்ணியதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எண் பெரிதாக வரும்போது, அது எதைச் சுமந்துகொண்டு போனது என்று கட்டுரையை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர் எழுதியதில் பிழை கண்டால் வாய் திறந்து சொல்லுங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் விலகினேன். கடைசி வாரத்தில் ஒரு அட்டை வந்தது. பெரிய டொக்டர் காலமாகியிருந்தார், அதை அறியாமல் அவர் பெயருக்கே வந்திருந்தது. அந்தப் பழைய கட்டுரையின் தனிப்பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஓரத்தில் கையால், எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பதற்காக, என்று எழுதியிருந்தது. மிச்சம் இருந்த பிரதி ஒன்றை எடுத்து, அட்டவணையைச் சிவப்பு மையால் குறுக்கே வெட்டி, திருத்தத்தை மேலே வைத்துத் தைத்தேன். பியோனிடம் கொடுக்க மனம் வரவில்லை. நானே கொண்டுபோய்த் தபால்கந்தோரில் சேர்த்தேன்.

வேலை முடிந்தது என்று வாசலில் சற்று நின்றேன். அட்டை போட்ட இவர்களுக்குச் சொல்லியாயிற்று. அட்டை போடாமலே அந்தப் பக்கத்தை வெட்டி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பவர்கள் எந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண் அன்று, "ஏன் இஞ்சை நிக்கிறியள்?" என்று கேட்டது காதில் விழுந்தது. அங்கே அப்படி நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.